வாரக் கூட்டத்தைச் செவ்வாய்க்கு மாற்றிய கதை

ஜூன் 8, 2024, சனி

இன்றைக்கும் எங்கள் பனியன் கம்பெனியின் வாரக் கூட்டம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. கட்டிங்கில் எத்தனை பீஸ், தையல் நடக்கும் பவர்டேபிளில் எத்தனை, அயர்னிங்கில் எத்தனை என்று ஒவ்வொருவராக நோட்டைப் பார்த்துப் படித்தார்கள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் பெண் எழுதிக்கொண்டார், இத்தனைக்கும் அந்தக் கணக்கு முழுவதும் நேற்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. முடிக்கும்போது மணி ஐந்து. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கு வாரச் சம்பளம், அதுவும் சனிக்கிழமை. கீழே நாற்பது பேர் சம்பளத்துக்காகத் தன்னை எதிர்பார்த்து நிற்கும்போது தையல் கான்ட்ராக்டர் அண்ணன் கூட்டத்தில் எதைக் கவனிப்பார்?

ஜூன் 11, செவ்வாய்

நேவி ப்ளூ டீ ஷர்ட் ஆர்டரில் பாடி ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு. தனித்தனியாகச் சாயம் போட்ட இரண்டு லாட் துணி கட்டிங்கில் கலந்திருக்கிறது. 1,400 பீஸ் தைத்து முடிந்துவிட்டது. மனசே ஆறவில்லை.

செக்கிங் அக்காவிடம் போய்க் கேட்டேன். வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டாராம். "சனிக்கிழமை மீட்டிங்லயே சொல்லியிருக்கலாமேங்க்கா?" என்றேன். "எத்தனை பீஸ் ஆச்சுன்னுதானுங்க சார் கேட்டீங்க, 2,200ன்னு சொன்னேன். அதுக்குள்ள அயர்னிங்காரரைக் கேக்கப் போயிட்டீங்க."

கூட்டத்தை நடத்தியவன் நான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

ஜூன் 15, சனி

இன்று கூட்டம் வைக்கவில்லை. முதலாளியிடம் பேசிச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றியாயிற்று, காலை 10.15க்குத் தொடங்கி 11 மணி டீக்கு முடிந்துவிட வேண்டும். எண்ணிக்கையெல்லாம் திங்கள் சாயங்காலமே போர்டில் எழுதிவிடுவது, கூட்டத்தில் யாரும் அதைப் படிக்கக் கூடாது.

அப்புறம் வரிசையையும் தலைகீழாக்கினோம். இதுவரை துணியில் தொடங்கி பேக்கிங்கில் முடிப்போம், பேக்கிங், செக்கிங் ஆட்கள் பேசும் நேரத்தில் எல்லோரும் எழுந்திருக்கத் தயாராகிவிடுவார்கள். இனி பேக்கிங்தான் முதலில். தூத்துக்குடியில் சரக்கைச் சேர்க்க வேண்டிய தேதி நம் கையில் இல்லை, செங்கடல் பிரச்சினையால் ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போவதில் பத்து நாளுக்கு மேல் கூடுதலாகிறது, அந்தத் தேதியில் நின்றுகொண்டு பின்னோக்கித்தான் கேட்டு வர வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

முதல் ஐந்து நிமிடம் யாருமே பேசவில்லை, எண்ணிக்கை இல்லாமல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. "எது நிக்குது, எதனால நிக்குது, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். அட்டைப்பெட்டி இன்னும் வரவில்லை என்றார் பேக்கிங் தம்பி. "பாத்துக்கலாம்" என்று ஒரு குரல். பாத்துக்கலாம் என்றால் யார், எப்போது? ஸ்டோர்ஸ் ஆள் வியாழன் மதியம் 12 மணிக்குள் என்று ஒப்புக்கொண்டார், பெயரும் நேரமும் போர்டில் ஏறியது. இப்படி ஏழு விஷயம். 11.10க்கு டீ.

ஜூன் 25, செவ்வாய்

போன வாரத்து ஏழையும் முதலில் எடுத்தோம். ஐந்து முடிந்திருந்தது. முடியாத இரண்டில் ஒன்று கட்டிங் மாஸ்டருடையது, எல்லோர் முன்னாலும் அவரை மூன்று முறை துருவிக் கேட்டுவிட்டேன். முகம் வாடிவிட்டது. இருபது வருஷம் கத்திரி பிடித்த மனுஷர். டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன், வெட்ட வேண்டிய வடிவங்களை வரைந்த மார்க்கர் பேப்பர் அவருக்கே தாமதமாகத்தான் கிடைத்திருக்கிறது. முடியாத வேலைக்கு இனி கூட்டத்தில் புதுத் தேதி மட்டும் கேட்பேன், காரணத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

செக்கிங் அக்கா இன்று கையில் இரண்டு பீஸோடு வந்திருந்தார். ட்யூப்லைட்டில் இரண்டும் ஒரே நிறம். நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கைப் போட்டதும் ஒன்றில் சிவப்பு ஏறித் தெரிந்தது. அந்த லாட்டில் 300 கிலோ துணி கட்டிங் மேஜைக்குப் போகக் காத்திருந்தது, அங்கேயே நிறுத்திச் சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

கிளம்பும்போது அக்கா கேட்டார், "அடுத்த வாரம் கைமடிக்கிற புள்ளையவும் கூட்டியாரட்டுங்களா சார்? ஊசி ஓட்டையெல்லாம் அவ கண்ணுலதானுங்க மொதல்ல படுது."

கூட்டி வரச் சொல்லிவிட்டேன். நாற்காலி ஒன்று கூடுதலாகப் போட வேண்டும்.