சட்டகத்தின் ஓரங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலில் அம்மாவை நிற்கவைத்து நான் எடுத்த படத்தை 4×6 அங்குல அளவில் அச்சிட்டுக் கொடுத்தபோது, அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்கப்பா இருக்கேன்?" என்று கேட்டார். அவர் நடுவில்தான் நின்றிருந்தார். ஆனால் படத்தின் உயரத்தில் கால் பங்குதான் அவர். கீழே மூன்றில் ஒரு பங்கை வெறும் செங்கல் தரை எடுத்துக்கொண்டிருந்தது, இடப்புறம் வேறொரு குடும்பம் தன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தது, வலது ஓரத்தில் பாதி வெட்டுண்ட ஒரு குப்பைத்தொட்டி தெரிந்தது. எடுத்த நேரத்தில் என் கண் அம்மாவின் முகத்தை மட்டுமே பார்த்தது; கைபேசியோ எதிரில் இருந்த அனைத்தையும் வேறுபாடின்றிப் பதிவுசெய்துவிட்டது.

அன்றிரவு அந்தப் படத்தைக் கணினியில் திறந்து, நான்கு ஓரங்களையும் ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்திப் பார்த்தேன். என் கைபேசிப் படம் 12 மெகாபிக்சல், அதாவது 4000×3000 புள்ளிகள். தரையையும் இருபக்கக் கூட்டத்தையும் நீக்கி, அம்மாவையும் அவருக்குப் பின்னால் எழும் விமானத்தையும் (கருவறைக்கு மேலுள்ள கோபுரம்) மட்டும் வைத்துக்கொண்டால், 1600×2400 அளவுள்ள நெட்டுப்படம் கிடைத்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்துக்கு 4×6 அளவில் 1200×1800 போதும் என்பதால், பாதிக்கு மேல் வெட்டியெறிந்த பிறகும் அச்சுக்கு ஒரு குறையும் வரவில்லை. வெட்டினால் தரம் போய்விடும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் அந்த அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

வெட்டுவது ஏதோ ஏமாற்று வேலை என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. கியூபப் புகைப்படக் கலைஞர் ஆல்பர்ட்டோ கோர்டா 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் எடுத்த சே குவேராவின் படத்தை அறியாதவர் அரிது. ஆனால் அதன் மூலப்படம் அகலமானது என்பதும், அதில் ஒரு பக்கம் வேறொருவரின் பக்கவாட்டு முகமும் மறுபக்கம் பனையோலைகளும் இருந்தன என்பதும் பலருக்குத் தெரியாது. அவை நீங்கிய பிறகுதான் அந்தப் பார்வை நம்மை நேராக வந்தடைந்தது.

ஆயினும் வெட்டுவதால் தீராத பிழைகள் உண்டு, என் படத்திலேயே ஒன்று இருந்தது. அம்மாவை விமானத்துக்கு நேர் முன்னால் நிறுத்தியிருந்ததால், 216 அடி உயரக் கற்கோபுரம் அவர் தலையிலிருந்தே முளைத்ததுபோல் தோன்றியது. இதற்கு எந்த மென்பொருளிலும் எளிய மருந்தில்லை. நான் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் போதும். கணுக்காலில் வெட்டுப்பட்ட பாதமும் அப்படித்தான், எடுக்காததை எங்கிருந்து கொண்டுவருவது? ஆகவே எடுக்கும்போது சற்றுத் தாராளமாக இடம்விட்டு எடுப்பதும் பிறகு இறுக்கி வெட்டுவதும் எனக்கு வழக்கமாகிவிட்டது. கைபேசியின் டிஜிட்டல் ஜூமைத் தொடுவதேயில்லை; அதுவும் வெட்டுவதுதான், அவசரத்தில் வெட்டுவது.

அடுத்த முறை சென்றபோது விமானத்தின் மீதே கவனம் செலுத்தினேன். உயரமான கட்டடத்தை அருகில் நின்று, கைபேசியை அண்ணாந்து பிடித்து எடுத்தால், பக்கச் சுவர்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் பின்னால் சாய்வதுபோல் தெரியும். அதனால் இராசராசன் திருவாயில் பக்கமாகப் பின்வாங்கி நின்று, கைபேசியைச் சிறிதும் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்தேன். படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் தரையாக வந்தது. வீட்டுக்கு வந்து அந்தத் தரையின் பெரும்பகுதியை வெட்டியதும் நிமிர்ந்து நின்ற விமானம் மிஞ்சியது. கோயில் கிழக்கு நோக்கியது என்பதால் காலையில் முகப்பில் நேராக வெயில் விழுகிறது. மாலையில் வாயில் பக்கம் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும். வெட்டும் கலையில் எவ்வளவு தேர்ந்தாலும் அந்த ஒளியைக் காலையில் எழுந்து போய்த்தான் பெறவேண்டும்.

படத்தை மூன்று மூன்றாகப் பிரித்துக் கோடுகள் சந்திக்குமிடத்தில் பொருளை வைக்கச் சொல்லும் விதியைத் தொடக்கத்தில் நானும் விடாமல் பின்பற்றினேன். அது நல்ல ஊன்றுகோல்தான். ஆனால் நந்தியை நேர் எதிரில் நின்று எடுக்கும்போது நடுவில் வைப்பதே அதன் கம்பீரத்துக்குப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

பல மாதங்களுக்குப் பிறகு அம்மாவின் மூலப்படத்தை மீண்டும் திறந்தேன். வலப்புறத்தில், குப்பைத்தொட்டிக்குச் சற்று உள்ளே, அம்மாவின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தேவையில்லாதது என்று நான் நீக்கிய பகுதியில் அவர் இருந்ததை அதுவரை கவனிக்கவேயில்லை. வெட்டும்போது பிரதியில் மட்டுமே கைவைத்திருந்ததால் அவர் தப்பினார். இம்முறை அவரைச் சுற்றி 1500×1000 அளவில் வெட்டி, அவர் பார்க்கும் இடது திசையில் நிறைய இடம் விட்டேன். விமானம் படத்துக்குள் வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே எதைப் பார்க்கிறார் என்று தெரிகிறது. புள்ளிகள் 4×6 அச்சுக்குச் சற்றுக் குறைவுதான், இருந்தும் அச்சில் அது தெரியவில்லை. இப்போது இரண்டு படங்களும் கூடத்தில் அடுத்தடுத்து மாட்டப்பட்டிருக்கின்றன.