கடலுக்குப் போகக் காசில்லை, காசல்ரீக்குப் போனோம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர் சொல்லும் முதல் விலைக்குத் தலையாட்டாதீர்கள். சிவனொளிபாதமலை சீசன் என்றால் இரண்டாவது விலைக்கும் ஆட்டாதீர்கள். முதுகில் கூடாரப் பையும் கையில் சட்டியுமாக நின்ற எங்களைப் பார்த்ததுமே அந்த மனிதருக்குக் கணக்கு ஓடிவிட்டது. நோர்வூட் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கக் கரைக்கு நாலாயிரம் என்றார். ஏன் அண்ணே இவ்வளவு என்றால் பெட்ரோல், ரோடு, சாமான் என்று பட்டியல் நீள்கிறது. பின்னால் வந்துகொண்டிருந்த எங்கள் நோர்வூட்காரன் எட்டிப்பார்த்து, "அண்ணே, நான் நோர்வூட்டுதான்" என்றான். உடனே ஆயிரத்து எண்ணூறு. "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்று எங்கள்மேலேயே குற்றம் வேறு! அந்த எரிச்சலில் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறிவிட்டோம். மலைக்குப் போகிற கூட்டத்தில் என் சட்டி வழி முழுக்க ஒரு அம்மாவின் மடியில்தான் பயணம் செய்தது. பாவம், இறங்கும்போது அவரே மறக்காமல் எடுத்துத் தந்தார்.

இனி வரிசையாகச் சொல்கிறேன். உண்மையில் நாங்கள் போக நினைத்தது திருகோணமலைக்கு. எங்கள் பேராதனைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் ஒரு திருகோணமலைக்காரன் இருக்கிறான். கடலில் கயாக் என்ற துடுப்புப் படகு, தீவில் கூடாரம், இரவில் மீன் சுட்டுச் சாப்பிடுவது என்று செமஸ்டர் முழுக்கக் காதைத் தின்றுவிட்டான். ஆனால் பெப்ரவரியில் கிழக்குக் கடல் இன்னும் சரியாக அடங்கியிருக்காது; அவனே ஒத்துக்கொண்டான். பஸ் காசு, தங்கும் காசு, கயாக் வாடகை என்று கூட்டிப் பார்த்தபோது மகாபொலப் புலமைப்பரிசில் பணம் வருவதற்குள் பட்டினிதான் என்று தெரிந்தது. அப்போதுதான் நோர்வூட்காரன், "எங்க ஊர்லயும்தான் தண்ணி இருக்கு, வாங்கடா" என்றான்.

கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன் வரைக்கும் ஏறிய தனியார் பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நிற்க இடமில்லாத பஸ்ஸில் "பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க" என்று கத்தினால் எங்கே போவது, பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டா? கினிகத்தேனை வளைவுகளில் பிரேக் கருகும் வாசனை, தலைக்கு மேலே முழுச் சத்தத்தில் பைலாப் பாட்டு, ஜன்னலோரத்தில் ஒரு பிள்ளை வாந்தி. நடத்துனர் எனக்குத் தரவேண்டிய அறுபது ரூபாவுக்கு டிக்கெட்டின் பின்னால் பேனையால் ஒரு கோடு போட்டு, பிறகு தருகிறேன் என்றார். அந்த டிக்கெட் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. அறுபது ரூபாவுக்கு ஒரு பிளேன்டீயாவது குடித்திருப்பேன்.

கயாக் வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் அட்டையில் விலை ஆங்கிலத்தில், அதுவும் டாலரில். நாங்கள் தமிழில் பேச ஆரம்பித்ததும் வேறொரு விலை, மாணவர் அட்டையைக் காட்டியதும் இன்னொரு விலை. குறைந்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்கிற விலை எனக்குப் பிடிக்கவே இல்லை. எனக்குத் தந்த லைஃப் ஜாக்கெட்டில் நடுப் பக்கிள் உடைந்திருந்தது. மாற்றிக் கேட்டதற்கு, "அது பரவாயில்ல தம்பி, ரெண்டு பூட்டு இருக்குதானே" என்றார்கள். நீச்சல் தெரியாதவனிடம் சொல்கிற பேச்சா இது? மாற்றும்வரை நான் நகரவில்லை. நீங்களும் ஒவ்வொரு பூட்டாகப் போட்டு இழுத்துப் பாருங்கள்.

நீச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களில் மலையகப் பிள்ளைகள் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. நோர்வூட்காரனின் தோட்ட லயத்து வீட்டு வாசலில் நின்றால் காசல்ரீ தெரியும். ஆனால் முழங்காலுக்கு மேல் அதில் இறங்கியதில்லையாம். தண்ணிப்பக்கம் போகாதே என்றுதான் எல்லா அம்மாக்களும் வளர்த்திருக்கிறார்கள், அதிலும் தப்பில்லை. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணை; இந்தத் தண்ணீர் சுரங்க வழியாக இறங்கித்தான் 1965 இல் இயங்கத் தொடங்கிய 50 மெகாவாட் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்றுகிறது. அப்புறம் நோர்ட்டன், லக்சபான நீர்த்தேக்கங்கள் என்று கீழே கீழே போய் களனி கங்கையாகிறது. பக்கத்து மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிக் கிடக்கிறது. வறட்சியில் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். மலையையும் ஊரையும் மூழ்கடித்துத் தேக்கிய தண்ணீரில் பங்களாவுக்கு வருகிறவர்கள் படகு விடுகிறார்கள், சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் கரையில் நின்று கையாட்டுகிறார்கள். பள்ளிக்கூடங்களில் நீச்சல் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல ஊர் வேண்டுமா?

சரி, தண்ணீருக்கு வருவோம்.

இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் கயாக். கடலுக்கான கயாக் நீளமாக, ஒல்லியாக, முன்னும் பின்னும் சாமான் அடைக்க மூடி போட்ட அறைகளோடு இருக்குமாம். இதில் அதெல்லாம் இல்லை, மேலே உட்கார்ந்து போக வேண்டியதுதான். கனமான சாமானை நடுவில், அடியில் வைக்கவேண்டும் என்று திருகோணமலைக்காரன் சொல்லித் தந்தான். உறக்கப் பைகளைக் குப்பை போடும் கறுப்புப் பைக்குள் இரட்டையாகச் சுற்றினோம். தண்ணீர் புகாத பை வாங்க யாரிடம் காசு? "இது கடலில்லையடா, குளம். அரை மணித்தியாலத்தில போயிடலாம்" என்று அலட்சியமாக முன்னால் போனான்.

நோர்வூட்காரன் என் முன் இருக்கையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். துடுப்பைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. ஆனால் காலையிலேயே அவன் ஒன்று சொல்லியிருந்தான்: மதியத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கு வழியாகக் காற்று இறங்கும், அதற்குள் போய்விட வேண்டும். நாங்கள் விலை பேசி, பக்கிள் மாற்றிக் கிளம்பும்போதே இரண்டு மணி தாண்டிவிட்டது. பாதித் தூரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. அதுவரை பச்சையாகப் படுத்திருந்தது திடீரென்று சாம்பலாகிச் சுருங்கியது. கயாக்கின் மூக்கு தானாகப் பக்கவாட்டில் திரும்புகிறது, இடப்பக்கம் நாலு தரம் போட்டால்தான் வலப்பக்கம் ஒரு தரம் போட முடிகிறது. "டேய், கரையோரமா போ, காத்து அங்க கொறவு!" என்று கத்தியது என் முன்னால் இருந்த நோர்வூட்காரன்தான். அவன் சொன்ன மேட்டின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று வெட்டினாற்போல் நின்றது. அலட்சியமாகப் போன கடற்கரைக்காரன் நடுவில் மாட்டிக்கொண்டு நாக்குத் தள்ள வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு குளம் என்ற பேச்சே வரவில்லை.

நாங்கள் கூடாரம் போட்ட இடத்தைத் தீவு என்று சொன்னால் நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போது தீவு. மற்ற நேரத்தில் ஒரு பக்கம் சேற்றால் கரையோடு ஒட்டிக்கொள்ளும் மேடு. அந்தக் காலத்தில் மலையுச்சியாக இருந்திருக்கும். விளிம்பில் செம்மண் வளையம், அதில் கறுத்த மரக்கட்டைகள். அதில் ஒன்று எங்கள் கயாக்கின் அடியில் 'கர்ர்ர்' என்று உரசியபோது உயிரே போய்வந்தது. அங்கே தங்குவதற்கு அனுமதியெல்லாம் கயாக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். அதற்கும் தனிக் காசு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டுக்கு டின்மீனும் பாணும் நூடில்ஸும் கொண்டுபோயிருந்தோம். எதையும் திறக்கவில்லை. பொழுது சாய வலை இழுத்துக்கொண்டு ஓடத்தில் வந்த ஒரு ஐயா எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஜப்பான் மீன், அதாவது திலாப்பியா, வேணுமா என்றார். விலை பேசுவோம் என்று நாங்கள் தயாரானால், அவர் சொன்ன விலையே ஹட்டன் சந்தை விலையில் பாதிகூட இல்லை. அவரே கத்தியை வாங்கிச் செதில் சுரண்டி, இரு பக்கமும் மூன்று மூன்று கீறல் போட்டுத் தந்தார். உப்பு, மஞ்சள், கொச்சிக்காய்த் தூள், தேசிக்காய். கீறலுக்குள் தூளை விரலால் தேய்த்து, கொதிக்கிற எண்ணெயில் போட்டதும் வால் முறுகி மேலே வளைந்தது. கூடவே நோர்வூட்காரனின் அம்மா கட்டித் தந்த கோதுமை மா ரொட்டியும் கட்டசம்பலும். ரொட்டி ஆறித் தடித்திருந்தது, அதை நெருப்பில் வாட்டி, சம்பலை வைத்து, மேலே மீனைப் பிய்த்துப் போட்டு... பேராதனைக் கன்டீனை நினைத்தால் அழுகை வருகிறது.

இரவுக் குளிர் பற்றி ஒரு வரி: காலுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள். இரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும்.

விடிய எழுந்து பார்த்தால் திருகோணமலைக்காரன் தண்ணீர் விளிம்பில் கட்டிவைத்த கயாக் சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. கடல் மாதிரி இங்கேயும் வற்று இவ்வளவா என்று முழித்தான். மின்சார சபையின் வற்று தம்பி அது, மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை நாடே விளக்கு எரிக்கிறதே என்றோம். சேற்றில் முழங்கால் வரை புதைந்து இழுத்தது தனிக்கதை. பனி விலகியபோது சிவனொளிபாதமலையின் கூர் தென்மேற்கே தெரிந்தது, 2,243 மீட்டர். திரும்பும் வழியில் டிக்கோயாவில் 1878 இல் கட்டிய வோர்லி தேவாலயத்தையும் எட்டிப் பார்த்தோம். அங்கிருந்து முழு நீர்த்தேக்கமும் கீழே விரிகிறது, அதற்குக் காசு இல்லை.

மொத்தச் செலவு, போக வர பஸ்ஸையும் சேர்த்து, ஆளுக்கு ஐயாயிரத்துக்குள் அடங்கியது. கடல் அடங்கியிருக்கும் ஓகஸ்ட்டில் திருகோணமலை என்று முடிவாகியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒருவன் எனக்கு எண்ணூற்றைம்பது ரூபா தரவேண்டும். இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன்.