ஆள் இல்லாத கூண்டில் எலியின் அறிவு

சுண்டெலியின் நினைவாற்றலை அளக்கப்போய், அளப்பவரையே அளந்துவிடும் ஆபத்து நடத்தையியல் ஆய்வகங்களில் நெடுநாளாக இருந்துவருகிறது. 1999-இல் வெளியான ஆய்வில், கிராப், வால்ஸ்டன், டூடெக் ஆகியோர் ஒரே மரபுவகை எலிகளை ஒரே மாதிரியான கருவிகளைக் கொண்டு மூன்று ஆய்வகங்களில் சோதித்தபோதும், சில சோதனைகளின் முடிவுகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. ஆண் ஆய்வாளர் அருகில் இருந்தாலே, ஏன், அவர் அணிந்த சட்டை இருந்தாலே, எலிகள் மன அழுத்தத்துக்கு உள்ளாகி வலியைக் குறைவாகக் காட்டுவதை 2014-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்தனர். (சட்டைக்கே இந்தப் பாடு என்றால், வாலைப் பிடித்துத் தூக்கும் கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.)

இதனால்தான் எலி வாழும் கூண்டையே சோதனைக்கூடமாக்கும் முறை எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. தண்ணீர் தேடிக் கூண்டின் மூலைக்கு வந்திருப்பது எந்த எலி என்பதைத் தோலுக்கடியில் பொருத்திய நுண்சில்லு (மைக்ரோசிப்) அங்குள்ள கருவிக்கு உணர்த்துகிறது; சரியான மூலையில் மூக்கால் தொட்டால் மட்டுமே தண்ணீருக்கான கதவு திறக்கும்; பிறகு மூலையை மாற்றிவிட்டால், அந்த எலி பழைய பழக்கத்தை எத்தனை முயற்சிகளில் கைவிடுகிறது என்பது இரவு பகலாகப் பதிவாகிறது. இரவில் விழித்திருக்கும் விலங்கைப் பகலில் எழுப்பிச் சோதிக்கும் அபத்தமும் இதில் இல்லை. ஆனாலும் கூண்டைச் சுத்தம் செய்ய ஆள் வரத்தான் வேண்டும். வலுத்த எலி ஒன்று மூலையை அடைத்துக்கொண்டால், உள்ளே நுழைய முடியாத எலி, கற்றுக்கொள்ளாத எலியாகக் கணக்கில் ஏறிவிடவும் கூடும்.