எவர்சில்வர் பிறந்த ஊரும் தாமதமாக வந்த பெயர்களும்

இங்கிலாந்தில் இருக்கும் ஷெஃபீல்டு என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஜோ ரூட்தான். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் தன் 100ஆவது டெஸ்டில் 218 ரன் அடித்தாரே, அவர் அந்த ஊர்ப் பையன். அதே ஊர் கிளப்பில் அவருக்கு முன்னால் ஆடிய மைக்கேல் வான், 1966 உலகக் கோப்பையில் கோல் காத்த கோர்டன் பேங்க்ஸ், 2012 ஒலிம்பிக்கில் ஹெப்டத்லான் தங்கம் வென்ற ஜெசிகா எனிஸ் என்று விளையாட்டில் மட்டுமே பெரிய வரிசை உண்டு. இவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது அந்த ஊரின் வேறு சிலரைப் பற்றி. வேலையை முதலில் செய்தது அவர்கள், ஆனால் பெயர் அவர்களைத் தேடி வர ரொம்ப நாள் ஆனது, சிலருக்கு அரைகுறையாகத்தான் வந்தது.

முதலில் ஹாரி பிரியர்லி. 1871இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். அப்பா உருக்கு உலையில் வேலை பார்த்தவர், வீட்டில் பிள்ளைகள் நிறைய, வசதி கிடையாது. 12 வயதில் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. தாமஸ் ஃபிர்த் என்ற உருக்குக் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு அங்கேயே ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவும் வேலைக்குப் போனார். ராத்திரி வகுப்பிலும் வீட்டிலுமாகப் படித்து வேதியியல் கற்றுக்கொண்டார். 1908இல் ஃபிர்த்தும் ஜான் பிரவுன் கம்பெனியும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சிக்கூடம் ஆரம்பித்தபோது அதற்குத் தலைமை ஏற்க அழைத்தது இந்தப் பாட்டில் கழுவிய பையனைத்தான்.

1912இல் ஒரு துப்பாக்கித் தயாரிப்பாளர் அவரிடம் ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்தார். சுடச் சுட, சூட்டிலும் வாயுவிலும் குழலின் உட்புறம் அரித்துப்போகிறது, அதற்கு ஒரு வழி வேண்டும். பிரியர்லி குரோமியத்தைக் கூட்டியும் குறைத்தும் பல கலவைகளை வார்த்துப் பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13 அன்று வார்த்ததில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம். உருக்கின் உள்ளமைப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமானால் முதலில் அமிலத்தால் அதன் மேற்பரப்பை லேசாக அரிக்கச் செய்வார்கள், அந்த ஊர் ஆய்வுக்கூடங்களில் தினமும் நடக்கிற காரியம். இந்தத் துண்டு அரிக்கவே மாட்டேன் என்றது. வினிகரிலும் எலுமிச்சைச் சாற்றிலும்கூட அது கறுக்கவில்லை. (குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது, கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் மறுபடி உருவாகிவிடுகிறது.)

துப்பாக்கிக் குழலுக்காகத் தேடியவர் அந்த இடத்தில் சாப்பாட்டுக் கத்தியை நினைத்தார் பாருங்கள், அதைத்தான் நான் மேதைமை என்பேன். கத்தித் தொழிலுக்குப் பல நூறு வருடமாகப் பெயர் போன ஊரில் வளர்ந்தவருக்கு, எல்லா வீட்டிலும் கத்தி துருப்பிடிப்பதும் அதைத் தினமும் தேய்த்துத் துடைப்பதும் எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரியாதா? ஆனால் கம்பெனி ஆர்வம் காட்டவில்லை. கத்தி செய்கிறவர்களிடம் கொடுத்தால், வழக்கமான சூட்டில் அடித்துப் பதம் பார்த்துவிட்டு, இது வெட்டவே வெட்டாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்ததும் உண்டு. கடைசியில் மோஸ்லி என்ற கத்திக் கம்பெனியில் இருந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட்தான் சரியான பதத்தைப் பிடித்தார். துருப்பிடிக்காதது என்று பிரியர்லி சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஸ்டெயின்லெஸ் என்று பெயர் வைத்ததும் அவரே.

அப்புறம் வழக்கமான கதைதான். கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று கம்பெனியோடு தகராறு, பிரியர்லி வேலையை விட்டு வெளியேறினார். அதே சமயத்தில் ஜெர்மனியில் குருப் கம்பெனிக்காரர்களும் அமெரிக்காவில் எல்வுட் ஹேன்ஸும் இதே போன்ற கலவைகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள், அதனால் பிரியர்லி ஒருவரே எல்லாம் செய்தார் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனாலும் இதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது அவர்தான். எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடிக்கிற நம்மில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டிய மனிதர்.

அவருக்கு 170 வருடம் முன்னாலேயே இதே மாதிரி ஒன்று அந்த ஊரில் நடந்திருக்கிறது. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேன் கடிகாரம் செய்கிறவர். கிடைக்கிற உருக்கு ஒரு பக்கம் கெட்டியாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் இருந்ததால் கடிகார ஸ்பிரிங் சரியாக வரவில்லை என்று ஷெஃபீல்டு பக்கத்தில் ஹேண்ட்ஸ்வொர்த்துக்குக் குடிபோய், 1740களில் மூசையில் (கடும் சூடு தாங்கும் மண் கலத்தில்) உருக்கை முழுதாக உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். மூசை உருக்கு தென்னிந்தியாவில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது, ஐரோப்பாவுக்கு அது புதிது. உள்ளூர்க் கத்திக்காரர்கள் ரொம்பக் கெட்டி என்று வாங்க மறுத்தார்கள், பிரான்ஸ்காரர்கள் வாங்கினார்கள். அந்த பிரெஞ்சுக் கத்திகள் இங்கிலாந்து சந்தைக்கே வந்து விற்கத் தொடங்கியதும், ஏற்றுமதியைத் தடுங்கள் என்று அதே கத்திக்காரர்கள் குரல் எழுப்பினார்கள். ஹன்ட்ஸ்மேன் காப்புரிமை வாங்கவில்லை, ரகசியம் எப்படியோ வெளியே போய்விட்டது. ஷெஃபீல்டு உருக்கு நகரமானது அந்த ரகசியத்தால்தான்.

உருக்கை விட்டு மருத்துவத்துக்கு வந்தால் செசில் பெயின். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கிடம் படித்தவர். 1930இல் ஷெஃபீல்டு ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில், பூஞ்சையிலிருந்து எடுத்த சுத்திகரிக்காத பென்சிலினைக் கண்தொற்று வந்த பச்சைக் குழந்தைகளுக்குப் போட்டுக் குணமாக்கினார். பென்சிலினால் நோய் குணமானதாகப் பதிவில் உள்ள முதல் சம்பவங்கள் இவைதான். ஆனால் அவர் அதை எழுதி வெளியிடவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். 1932இல் அந்த ஊருக்குப் பேராசிரியராக வந்த ஹோவர்டு ஃபுளோரியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். 1945இல் பென்சிலினுக்காக நோபல் வாங்கிய மூவரில் ஃபுளோரி ஒருவர். பெயினின் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தேடி எடுத்து உலகுக்குச் சொன்னது 1980களில். அவர் வெளியிட்டிருந்தால் பென்சிலின் எத்தனை வருடம் முன்னால் வந்திருக்கும், போரில் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஹிட்லர் துரத்தியதால் ஷெஃபீல்டில் வந்து சேர்ந்த ஹான்ஸ் கிரெப்ஸ், உடலின் செல்கள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் சுழற்சியை 1937இல் அங்கேதான் கண்டுபிடித்தார். நேச்சர் இதழ் அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. 1953இல் அதற்கே நோபல் கிடைத்தது, சரி, அவர் கதை நல்லபடி முடிந்தது. ஹெலன் ஷர்மன் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். ஷெஃபீல்டில் பிறந்து அங்கேயே வேதியியல் படித்து, சாக்லேட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், விண்வெளிக்குப் போக ஆள் தேவை என்ற ரேடியோ விளம்பரம் கேட்டு விண்ணப்பித்து, 13,000 பேரில் ஒருவராகத் தேர்வாகி, 1991 மே மாதம் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். வயது 27, பிரிட்டனிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் ஆள். 2015இல் டிம் பீக் போனபோது அவரையே முதல் பிரிட்டன்காரர் என்று எழுதியவர்கள் இருந்தார்கள்.

கடைசியாக, தனித்தனிப் பெயராக ஊர் அறியாத பெண்கள். இரண்டு உலகப் போரிலும் ஆண்கள் போர்முனைக்குப் போனதும் உலையிலும் கிரேனிலும் நின்று உருக்காலைகளை ஓட்டியது அவர்கள்தான். 1940 டிசம்பரில் ஜெர்மன் விமானங்கள் இரண்டு இரவு குண்டு போட்டு 600க்கும் மேற்பட்டோர் செத்த பிறகும் வேலைக்குப் போனார்கள். சம்பளம் ஆண்களைவிடக் குறைவு. போர் முடிந்ததும், ஆண்கள் திரும்பி வருகிறார்கள், நீங்கள் கிளம்பலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பல பத்தாண்டு கழித்து, கேத்லீன் ராபர்ட்ஸ் என்ற முன்னாள் தொழிலாளி உள்ளூர் நாளிதழுக்குப் போன் செய்து, எங்களுக்கு ஏன் ஒரு மரியாதையும் இல்லை என்று கேட்டார். கிட் சோலிட், ரூபி கேஸ்காய்ன், டோரதி ஸ்லிங்ஸ்பி மூவரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஊர் மக்கள் பணம் திரட்டி, 2016 ஜூனில் சிட்டி ஹாலுக்கு முன்னால் சிலை வைத்தார்கள். போர் முடிந்து 71 வருடம் ஆகியிருந்தது, அந்த ஆலைகளில் நின்றவர்களில் பெரும்பாலோர் அதற்குள் உயிரோடு இல்லை.