பக்கத்து வளவுச் சருகு

2024 மே 12, ஞாயிறு

பீப்பாய் நாறுகிறது. மூடியைத் திறந்த கையோடு மூடிவிட்டேன். பழைய நீலப் பீப்பாய். அடியில் துளை போட்டு, நான்கு செங்கல்லின் மேல் ஏற்றிக் கிணற்றடியில் வைத்து மூன்று கிழமையாகிறது. கூட்டெரு வரும் என்று பார்த்தால் புளித்த கஞ்சி போல ஏதோ ஒழுகுகிறது. வெள்ளைப் புழு நெளிகிறது. "இதற்குக் குப்பை வண்டியே மேல்" என்றார் இவர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பிழை எங்கே என்று தெரியும். உள்ளே போனதெல்லாம் ஈரம்: மரக்கறித் தோல், பழஞ்சோறு, தேயிலைச் சக்கை. அவற்றில் நைதரசன் இருக்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிருக்குக் காபனும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டையும் கொடுப்பது சருகு. சருகுக்கு எங்கே போவது? முற்றம் முழுவதும் சீமெந்து. கூட்டுவதற்குச் சுலபம் என்று எட்டு வருடங்களுக்கு முன் போடச் சொன்னவளும் நான்தான். மிஞ்சியது ஒரு தென்னையும் ஒரு முருங்கையும். முருங்கையிலை பீப்பாய்க்குள் விழுந்த இடம் தெரியாது.

மே 14, செவ்வாய்

திருகோணமலை பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் பொழுது விடிவது புகையில்தான். பக்கத்து வளவில் மா, பலா, வேம்பு மூன்றும் இருக்கின்றன. ஆறு மணிக்கு அக்காவின் ஈர்க்குமாறு சரசரக்கும். கூட்டிக் குவித்து, நெருப்புப் பிடிப்பதற்கு ஒரு பொலித்தீன் பையையும் செருகி, குச்சியைக் கிழிப்பார். யன்னலைச் சாத்துவதோடு இத்தனை வருடமும் என் சுற்றாடல் பற்று முடிந்துவிட்டது. இன்று வேலியடிக்குப் போனேன்.

"அக்கா, அந்தச் சருகை எரிக்காமல் எனக்குத் தருவீர்களா?"

"என்ன பிள்ளை, ஆடு வாங்கிவிட்டாயா?"

பீப்பாய்க் கதையைச் சொன்னேன். "சருகைச் சேர்த்து வைத்தால் பாம்பு வரும். புகை போட்டால்தான் நுளம்பும் போகும்" என்றார். இரண்டுக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. ஆனாலும் சற்று நேரத்தில் ஓர் உரப்பை நிறையச் சருகு வேலிக்கு மேலால் வந்து விழுந்தது. விழுந்த சத்தத்தில் அன்பு அவ்வளவாக இல்லை.

மே 19, ஞாயிறு

ஒரு வாளி சமையற் கழிவுக்கு மூன்று வாளி நொறுக்கிய சருகு, மேலே இரண்டு சிரட்டை தோட்டத்து மண். தடியால் கிளறிவிட்டேன். நாற்றம் பாதியாகக் குறைந்திருக்கிறது. நடுவில் கையை விட்டு உடனே எடுத்துவிட்டேன். இறக்கிவைத்த சோற்றுப் பானையைத் தொட்டது போலச் சூடு. நல்ல பெரிய குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை போகும், களை விதைகூடப் பிழைக்காது. என் பீப்பாய் அவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் உயிர் வந்துவிட்டது.

தம்பலகாமத்து மாமாவிடம் தொலைபேசியில் பெருமையடித்தேன். "சேதனப் பசளையா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோசம் இல்லை. 2021 இல் அரசாங்கம் இயற்கை உரமே போதும் என்று இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் தடையை நீக்குவதற்குள் அந்தப் பெரும்போகம் கையை விட்டுப் போயிருந்தது. தம்பலகாமத்திலும் விளைச்சல் விழுந்தது. பீப்பாயை வைத்துக்கொண்டு வயல்காரருக்குப் பாடம் எடுக்கக் கூடாது. என் கூட்டெரு நான்கு கத்தரிச் செடிக்கு. மாமாவின் கணக்கு ஏக்கரில்.

மே 23, வியாழன்

வெசாக். இலவசமாகக் கொடுக்கும் தன்சல் பந்தலில் கோப்பி வாங்க வீட்டிலிருந்து எவர்சில்வர் குவளை கொண்டுபோனேன். பிளாஸ்டிக் கப்புக்குப் போன ஒக்டோபரிலிருந்து தடை. ஊற்றிய பையன் குவளையின் அளவைப் பார்த்து, "அன்ரி, குடும்பத்துக்கா?" என்றான்.

மே 28, செவ்வாய்

கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்களை வெளியூரார் படம் பிடிப்பார்கள். நாங்கள் மாட்டை விலத்துவது போல விலத்திக்கொண்டு போவோம். இன்று நின்றுவிட்டேன். ஒரு பெட்டை மானின் வாயில் சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் ஷீட். பருப்புக் கறி பட்டு மஞ்சளான ஓரத்தை முதலில் நக்கியது. உப்பு பிடித்திருக்க வேண்டும், தாளையே உள்ளே இழுத்தது. தாடை பக்கவாட்டில் அசைய அசைய, தாள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. கிட்டப் போனேன். இரண்டடி தள்ளி நின்று மென்றது. கடைசி முனை உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

அசைபோடும் விலங்கின் வயிற்றில் பொலித்தீன் செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. வயிறு நிறைந்த நினைப்பிலேயே மான் மெலிந்துபோகும். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. நிறம் மாறி, பெயர் மாறி, ஏதோ ஒரு தாள் இன்னமும் சோற்றைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. காலையில் நான் வாங்கிய இடியப்பப் பார்சலிலும் அதுதான் இருந்தது. கந்தோர் வாசலில் மூடியில்லாத தொட்டியில் போட்டதும் நான்தான்.

மே 29, புதன்

சாப்பாட்டுப் பெட்டியோடு இடியப்பக் கடைக்குப் போனேன். "அதற்கென்ன தங்கச்சி, தாருங்கள்" என்று கடைக்கார நானா பெட்டியை வாங்கினார். வாங்கி, கைப்பழக்கத்தில் உள்ளே ஒரு லஞ்ச் ஷீட்டை விரித்து, அதன் மேல் இடியப்பத்தை அடுக்கினார். இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

ஜூன் 5, புதன்

சுற்றாடல் தினம். மகள் பாடசாலையிலிருந்து ஒரு வேப்பங்கன்றோடு வந்தாள், இன்றே நட வேண்டுமாம். வெளியே கச்சான் காற்று நெருப்பாக அடிக்கிறது. கிணற்று நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. நமக்கு மழை ஐப்பசியில். உலக நாட்காட்டிக்கு அது எப்படித் தெரியும்? கன்றைச் சட்டியோடு நிழலில் வைத்து, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். மகளுக்குக் கோபம். நட்டதாகப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

ஜூன் 16, ஞாயிறு

அக்கா சொன்ன பாம்பு வரவில்லை. உடும்பைப் போன்ற கபரக்கொய்யா வந்தது. பீப்பாயைச் சரித்து, கிணற்றடி முழுவதும் இழுத்துப் போட்டிருக்கிறது. விசாரணையில் இவர் ஒப்புக்கொண்டார்: பாரை மீன் தலையை "எல்லாம் மக்கத்தானே போகிறது" என்று உள்ளே போட்டாராம். இனி மீன் கழிவுக்குத் தென்னையடியில் தனிக்கிடங்கு. முழங்கையளவு ஆழம், மேலே மண்ணும் பொச்சுமட்டையும். மட்டை ஈரத்தையும் பிடித்து வைக்கும். கிடங்கு வெட்டியது இவர்தான்.

சிந்தியதை அள்ளும்போதுதான் கண்டேன். அடியில் கிடந்தது கறுத்து, உதிரியாக, கையில் ஒட்டாமல் இருந்தது. முட்டைக் கோது மட்டும் அப்படியே கிடந்தது. அக்கா வேலிக்கு மேலால் எட்டி, ஒரு பிடி வாங்கி மணந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஒரு கிழமையாகப் புகை இல்லை. உரப்பையும் இல்லை. நோயோ என்று வேலியடிக்குப் போய்ப் பார்த்தேன். பலாவடியில் நான்கு தடி நட்டு, பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டி, உள்ளே இடுப்பளவு சருகு. பக்கத்தில் சாணி வாளி.

"மல்லிகைக்குப் போடலாம் என்று பார்க்கிறேன் பிள்ளை. இனி எனக்கே காணாது."

பீப்பாயில் இந்தக் கிழமைக் குப்பை முழுவதும் ஈரம். மறுபடியும் லேசாக நாறத் தொடங்கியிருக்கிறது. ஒழுங்கை முனையில் ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. அதன் அடியைக் கூட்டுபவர் ஆறரைக்கு நெருப்பு வைப்பார். நாளை சாக்கோடு ஆறு மணிக்கே போக வேண்டும்.