பொடி எழுத்தில் ஒரு வரி

செப்டம்பரில் அம்மாவுடன் பாரிஸ், சுவிட்சர்லாந்து. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். டிராவல் ஏஜென்ட் நீட்டிய மலிவான பாலிசியில் அந்தத் தொகை இருந்தது. ஆனால் அம்மாவுக்கு 68 வயது, 15 ஆண்டுச் சர்க்கரை. 11ஆம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி.

"சர்க்கரையைச் சொல்லாமல் விட்டுவிடலாமே சார்" என்றார் ஏஜென்ட். நல்ல யோசனை! ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது காப்பீட்டு நிறுவனத்தார் அதையே காரணம் காட்டிக் கையை விரித்துவிடுவார்கள்.

உயிருக்கு ஆபத்தென்றால் பழைய நோய்க்கும் பணம் தரும் பாலிசியைத் தேடி எடுத்தேன். 2,300 ரூபாய் கூடுதல். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவும் அதில் உண்டு.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "மாத்திரை டப்பாவைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம் இல்லையா?"