எத்தினை வயசில தொடங்கினது?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பிள்ளையைப் பற்றி முறைப்பாடு வந்தால், எல்லாரும் முதலில் கேட்பது "என்ன செய்தவன்?" என்றுதான். அதற்கு முன் கேட்கவேண்டியது வயதை.

நியூசிலாந்தின் டனீடினில் 1972–73 இல் பிறந்த 1,037 பிள்ளைகளை ஆய்வாளர்கள் வளர வளரத் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த ஆய்வை வைத்து உளவியலாளர் டெரி மொஃபிற் 1993 இல் பிள்ளைகள் குழப்படிக்குப் போகும் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டினார். சிறுவயதிலேயே அடி, பொய், களவு என்று தொடங்கி வளர்ந்தும் விடாதவர்கள் கொஞ்சப்பேர். பதின்மூன்று, பதினான்கில் தொடங்கி இருபதுகளில் பெரும்பாலும் அடங்குகிறவர்கள்தான் அதிகம். முதல் வழியில் 10 ஆண்களுக்கு 1 பெண். இரண்டாவதில் 3 ஆண்களுக்கு 2 பெண்கள். "பொம்பிளைப்பிள்ளைதானே" என்று விட்டுவிட முடியாது.

ஆகவே, டியூசனுக்குப் போகாமல் சைலன்சர் கழற்றின மோட்டார் சைக்கிளில் திரிகிற 15 வயதுப் பொடியனின் தாயிடம் இப்படிக் கேளுங்கள்: முன்பள்ளியிலும் மற்றப் பிள்ளைகளைக் கடிச்சவனா? மூன்றாம் ஆண்டில் எழுத்துக் கூட்டி வாசித்தானா? வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரியா? பத்து வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால் கண்டிப்பு மட்டும் போதாது. வாசிப்பு, கவனக் குறைபாடு இரண்டையும் சோதிக்கவேண்டும். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

பிந்தித் தொடங்கினவனின் சங்கதி வேறு. உடம்பு வளர்ந்துவிட்டது, ஆனால் ஊர் அவனைச் சின்னப்பிள்ளையாகவே வைத்திருக்கிறது. வயலில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஓட்டுகிறவனை வகுப்பில் முழங்காலில் விட்டால் மீறத்தான் பார்ப்பான். பொறுப்புள்ள வேலை ஒன்றைக் கொடுத்து, அதன் கணக்கையும் அவனிடமே கேளுங்கள்.

பெண்பிள்ளைகளில், நேரத்தோடு சாமத்தியப்பட்டவர்களைக் கவனியுங்கள். டனீடினில் அப்படியானவர்களிடம் குழப்படி கூடியது கலவன் பாடசாலைகளில்தான், பெண்கள் பாடசாலைகளில் இல்லை. உடம்பை விட, கூடித் திரிகிற மூத்த பொடியள்தான் காரணம். வன்னியில் அநேகம் கலவன் பாடசாலைகள். படிப்பை நிறுத்தாமல், யாரோடு போகிறாள், யாரோடு போனில் கதைக்கிறாள் என்று பாருங்கள். பெண்பிள்ளைகளின் குழப்படி அடிபிடி இல்லாமலும் இருக்கலாம்: ஒருத்தியை வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டு அவளைப் பற்றிக் கதை பரப்புவதும் வன்முறைதான்.

பள்ளிக்கூடங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை, குழப்படிகாரர் எல்லாரையும் ஒரே வகுப்பில் அடைப்பது. அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பழகுகிறார்கள். ஒருவன் பெருமையடிக்க மற்றவன் சிரித்தால் அதுவே பாராட்டு. நல்ல நோக்கத்தோடு நடத்திய குழு ஆலோசனை கூட இப்படிக் கெடுத்ததை 1999 இல் உளவியலாளர் டிஷனும் கூட்டாளிகளும் காட்டினார்கள். வகுப்புக்கு ஒருவராகப் பிரித்துவிடுங்கள். பின்னேரம் பெரியவர் ஒருவர் நிற்கும் கரப்பந்தாட்ட அணியில் மற்றப் பிள்ளைகளோடு கலந்து சேர்த்துவிடுங்கள்.